‘நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்’

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

செவிலியர் தின மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: அன்றாடம் கடவுள் செய்யும் சின்னச் சின்ன நன்மைகளுக்கு ஒரு நர்ஸின் நன்றி. கூடவே கூப்பிய கை இரண்டு, ரோஜாப்பூ ஒன்று. “மேபல் சிஸ்டர்தான் இதுக்குச் சரியான ஆள்” என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவருக்கு என்னைச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். நான் எழுதப்போவது ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், ஆனால் படித்துவிட்டுப் போடாமல் இருங்கள்.

நன்றி சொல்வதெல்லாம் வெறும் பேச்சு என்று சொல்ல நான் வரவில்லை. அது என்னை ஒரு காலத்தில் காப்பாற்றியது. என் கணவர் இறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வருடம் பெரிய ஜெபம் எதுவும் என் வாயில் வரவில்லை. பெரிதாகக் கேட்டது கிடைக்கவில்லை, அதனால் பெரிதாகச் சொல்லவும் ஒன்றுமில்லை. காலையில் மோட்டார் போட்டதும் தண்ணீர் ஏறினால் ஸ்தோத்திரம். தாம்பரம் வரைக்கும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டால் ஸ்தோத்திரம். இப்படிப் பொறுக்கிப் பொறுக்கித்தான் அந்த வருடத்தைக் கடந்தேன். எனக்கு அந்த மருந்து கேட்டது. எனக்குக் கேட்ட மருந்தை, எதிரே படுத்திருப்பது யார், அவருக்கு என்ன என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றினேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

பெண்கள் எலும்பு வார்டுக்கு நான் பொறுப்பு சிஸ்டர் ஆனதும் செய்த முதல் மாற்றம் காலை ஜெபத்தில்தான். அதுவரை, மிஷன் ஆஸ்பத்திரி வழக்கப்படி எட்டு மணிக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், முடிந்தது. நான் ‘ஆளுக்கு ஒரு நன்றி’ என்று ஒன்றைச் சேர்த்தேன். படுக்கை வரிசையாக ஒவ்வொருவரும் நேற்றிலிருந்து நடந்த ஒரு சின்ன நல்லதைச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்கள்தான் என்றில்லை, யாரும் சொல்லலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி போடுகிறவளே சிரித்துக்கொண்டே வந்து கேட்டால், படுத்துக் கிடப்பவள் மாட்டேன் என்றா சொல்வாள்? எல்லோரும் சொன்னார்கள். நிர்வாகத்துக்கும் இது பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் எங்கள் வார்டுக்குத்தான் கூட்டிவருவார்கள். எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போயிற்று.

அந்த வார்டில் எனக்கு முன்பிருந்தே ஓர் ஆயாம்மா வேலை செய்தார். அவர் மட்டும் ஜெபத்துக்கு நிற்க மாட்டார். நாங்கள் கண்ணை மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டுக்கும் போவார். போர்வையை விலக்குவார், பாதத்தைப் பிடித்துப் பார்ப்பார், மறுபடி மூடுவார். ஜெப நேரத்தில் இது என்ன வேலை என்று இரண்டு தடவை கடிந்துகொண்டேன். “நீங்க மேல பாருங்க சிஸ்டர், நான் கீழ பாத்துக்கறேன்” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாருக்குக் கால் சில்லிட்டிருக்கிறது, யாருக்குக் குதிகாலில் புண் வரப்பார்க்கிறது என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது நான்தான் வாழ்த்திப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் செய்துகொண்டிருந்த அந்த வேலையை இனி யார் செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஞானம் டீச்சர் வந்து சேர்ந்தார்.

சிட்லபாக்கத்துக்காரர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். கணவர் இல்லை, ஒரே மகளோடு இருந்தார். காய்கறி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மாவுக்கட்டுப் போட்டு எங்கள் வார்டில் ஆறாம் நம்பர் படுக்கையில் சேர்த்தார்கள்.

ஏழாம் நம்பரில் கஸ்தூரி என்று ஒரு பெண். முன்பு சென்னை நகரத்துக்குள் ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவள்; அரசாங்கம் அதை இடித்துவிட்டுப் பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்திருந்தது. லிஃப்ட் ஓடவில்லை என்று தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது சறுக்கி விழுந்து கை உடைந்து, அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் குறைதான். ஃபேன் சுற்றவில்லை, இட்லி கல்லு, கட்டுக்குள் அரிக்கிறது, பாத்ரூமில் வாளி ஓட்டை. ஒரு ஷிஃப்டில் பத்து தடவை கூப்பிடுவாள். கூப்பிட்ட பத்து தடவையும் யாராவது போய்த்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபத்தில் டீச்சரின் முறை வந்தது. “ஜன்னல் வழியா வேப்பமரம் தெரியுது, அதுக்காக ஸ்தோத்திரம். காலைல குடுத்த காபி சூடா இருந்தது, அதுக்காக ஸ்தோத்திரம். கால் ஒடைஞ்சாலும் கை ரெண்டும் நல்லா இருக்கு, அதுக்காகவும் ஸ்தோத்திரம்.” இத்தனை வருடத்தில் என் மனசைப் புரிந்துகொண்டு நன்றி சொன்ன ஒரே நோயாளி இவர்தான் என்று தோன்றியது.

அடுத்தது கஸ்தூரி. “காபி சூடாவா? எனக்குப் பச்சத்தண்ணி மாரி வந்துச்சு.”

“நன்றி சொல்லும்மா, குறை சொல்லாதே” என்றேன்.

“இன்னாத்துக்கு நன்றி? லிஃப்ட்டு ஓடினு இருந்தா நான் ஏன் இங்க வந்து கெடக்கப்போறேன்?”

வார்டே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. “கஸ்தூரி, பக்கத்துல டீச்சரைப் பாத்துக் கத்துக்கோ. உன்னைவிட அவங்களுக்கு வலி ஜாஸ்தி. ஒரு வார்த்தை முனகறாங்களா பாரு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பதினாறு படுக்கையும் டீச்சர் பக்கம் திரும்பிப் பார்த்தன. டீச்சர் சிரித்தார்.

ஒன்பது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். “எப்படி இருக்கீங்க டீச்சர்?” “நல்லா இருக்கேன் டாக்டர், ஸ்தோத்திரம்.” அவர் கட்டின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் நோட்ஸில் எழுதினேன்: கம்ஃபர்டபிள், நோ கம்ப்ளெயின்ட்ஸ். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

உங்களுக்குப் பாடத்தில் இருப்பதுதான், இருந்தாலும் சொல்கிறேன். எலும்பு உடைந்த கால் கட்டுக்குள் வீங்கினால், அந்த வீக்கம் வெளியே போக இடமில்லை. சதையையும் ரத்தக் குழாயையும் நெருக்கிப் பிடித்துவிடும். சில மணி நேரத்துக்குள் கட்டைப் பிளந்துவிட்டால் கால் தப்பிக்கும். தாமதித்தால் உள்ளே இருக்கும் சதை செத்துப்போகும். அதற்கு முதல் அடையாளம் வலி. அசாத்தியமான வலி. நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் நமக்கு அது தெரியும்.

நம் சபை ஆட்களிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் ‘ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்’ என்றுதான் வரும். முறுமுறுப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் நாம். டீச்சர் அதைப் படித்தவர் மட்டுமல்ல, முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர். நானும் அதே பாடம் படித்தவள்தான். அந்தப் பதில் ஒரு வணக்கம் மாதிரி, உடம்பின் நிலவரம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு மதத்து நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்திருந்தால், ‘அது சரிம்மா, வலி எப்படி இருக்கு?’ என்று இன்னொரு தடவை கேட்டிருப்பாள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மத்தியானம் பன்னிரண்டரை மணி இருக்கும். மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்தேன். கஸ்தூரி கூப்பிட்டாள்.

“சிஸ்டர், இங்க வா. இந்தம்மாக்கு இன்னாவோ ஆவுது. தலகாணிய வாயில வெச்சுக் கட்ச்சிகினு கீது. நீ அந்தாண்ட போனா கண்ணுல தண்ணியா ஊத்துது. நீ வந்தா சிரிக்குது.”

நான் ஆறாம் நம்பர் படுக்கையின் கால்மாட்டில் நின்று, “டீச்சர், வலிக்குதா?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, சிரித்துக்கொண்டு, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன்.

“பரவால்ல சிஸ்டர், தாங்கிக்கலாம். ஸ்தோத்திரம்.”

“பொய் சொல்லுது சிஸ்டர்! போர்வயத் தூக்கிப் பாரு!” என்றாள் கஸ்தூரி.

“நீ உன் கையைப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

போர்வையைத் தூக்கிக் கால்விரலைத் தொட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்கு அன்றைக்கு நேரமில்லை. நாலு மணிக்கு நகரத்துச் சபை ஒன்றிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. வார்டை ஒழுங்குபடுத்த வேண்டும், விரிப்பெல்லாம் மாற்ற வேண்டும். தவிரவும், எப்போதும் குறை சொல்கிறவள் சொன்ன குறை அது. பத்து தடவை அவள் கூப்பிட்டு ஒன்றுமில்லாமல் திரும்பியிருக்கிறேன். பதினோராவது தடவை அவள் தனக்காகக் கூப்பிடவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். நான் நேராக டீச்சரிடம் கூட்டிப்போனேன். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெக்கை என்று நினைத்து நானே துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். “டீச்சர், ஒரு நன்றி சொல்லுங்க” என்றேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “குறை சொல்லாத நாக்கைக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்” என்றார். குரல் உடைந்துவிட்டது. வந்திருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அவர்கள் கிளம்பும்போது ஐந்தரை ஆகியிருந்தது. வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினேன். கஸ்தூரி படுக்கையை விட்டு இறங்கி, கட்டுப் போடாத கையால் டீச்சரின் போர்வையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டிருந்தாள். “வந்து பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! இது கால் கலராடி?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

விரல்கள் நீலம் பாரித்துப்போயிருந்தன. தொட்டேன், ஜில்லென்று இருந்தது. அசைக்கச் சொன்னேன். டீச்சர் அசைப்பதாக நினைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். ஒரு விரலும் அசையவில்லை.

டியூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். போன் எடுத்தவர் இருபது நிமிடம் ஆகும் என்றார். டாக்டர் சொல்லாமல் கட்டைத் தொட நமக்கு அதிகாரம் இல்லை, தெரியும். நான் போனை வைத்துவிட்டு, மாவுக்கட்டு அறுக்கும் கட்டரை எடுத்துவரச் சொல்லி, கட்டையும் அடியில் இருந்த பஞ்சையும் மேலிருந்து கீழ்வரை நானே பிளந்தேன். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு வேளை வந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். விளக்கம் பிறகு எழுதிக்கொள்ளலாம். கட்டு விரிந்த நொடியில் டீச்சர் ‘அம்மா’ என்று அலறினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான வார்த்தை அது. வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது.

உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் போராடினார்கள். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது, அரை மணி நேரம். நோட்ஸைப் புரட்டிப் பார்த்தார்கள். கம்ஃபர்டபிள், நோ கம்ப்ளெயின்ட்ஸ். நோயாளியே வலி இல்லை என்று சொல்லியிருக்கும்போது யார் என்ன செய்ய முடியும் என்று முடித்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் படுக்கையை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் அவள் பெயரை எடுக்கவில்லை. நிர்வாகத்தில் இருந்த ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “உங்க நோட்ஸ்தான் சிஸ்டர் நம்மளக் காப்பாத்துச்சு. ஃபேமிலி சைடுல இருந்தும் ஒரு பேச்சு இல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்” என்றார். சொன்னதோடு விடாமல், அந்த அறையிலேயே எழுந்து நின்று ஜெபமும் செய்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வருடம் டாக்டருக்காகக் காத்திருக்காமல் துணிச்சலாகக் கட்டைப் பிளந்த நர்ஸ் என்று மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். பீரோவில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரி டிஸ்சார்ஜ் ஆகும் அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள். “நான் கத்திகினே கெடந்தேன், என் கை பொயச்சிகிச்சு. அந்தம்மா கம்முனு கெடந்துச்சு, கால் பூட்ச்சு. உங்க சாமிக்கு எதுதான் சிஸ்டர் வோணும்?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்றைக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பொறுப்பில் இருந்தவரை அந்த ‘ஆளுக்கு ஒரு நன்றி’யை நிறுத்திவிட்டேன். நேரம் இழுக்கிறது என்று காரணம் சொன்னேன். நான் ஓய்வு பெற்றதும் மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சுவரில் பெரிய பலகை வைத்து, நோயாளிகள் எழுதும் நன்றியை ஒட்டுகிறீர்களாம். தாராளமாக ஒட்டுங்கள். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு பலகை வையுங்கள், வலிக்கிறது என்று எழுதி ஒட்ட. அதைத் தினமும் முதலில் படியுங்கள். நோயாளியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். விரலை அசையுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு நோயாளியைக் காட்டி இன்னொரு நோயாளியை ஒருபோதும் மட்டம் தட்டாதீர்கள். நல்ல நோயாளி என்று யாரைப் பற்றியாவது உங்களுக்குத் தோன்றினால், அடுத்த நிமிடமே அவர் போர்வையை விலக்கிப் பாருங்கள். அடம்பிடிப்பவரை நாம் எப்படியும் பத்து தடவை பார்த்துவிடுகிறோம்.

நானும் இப்போதுவரை ஸ்தோத்திரம் சொல்கிறேன். தண்ணீருக்கு, காபிக்கு, படி இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருப்பதற்கு. பழக்கம் விடவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கு எங்கெங்கே வலிக்கிறது என்பதையும் கடவுளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். அவர் அதைக் கேட்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்காமல் விட்டவள், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. எழுத மனமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

டீச்சர் வீட்டில் வருடா வருடம் அந்த அறுவை சிகிச்சை நடந்த நாளில் ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் வைப்பார்கள். சபையிலிருந்து போதகரும் இருபது பேரும் வருவார்கள். பாட்டு, ஜெபம், பிறகு கேக், மிக்ஸர், காபி. ஒவ்வொரு வருடமும் டீச்சர் எழுந்து நின்று அந்த வருடத்துச் சின்னச் சின்ன நன்மைகளை வரிசையாகச் சொல்வார். கடைசியில், “கால் போனாலும் உயிர் போகாம என்னைக் காப்பாத்த மேபல் சிஸ்டரை அனுப்பினதுக்காக ஸ்தோத்திரம்” என்று முடிப்பார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். முன் வரிசை நாற்காலி எனக்கு. ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன்.

கடைசியாகப் போனது போன வருடம். கூட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டேன். மகள் கடைக்குப் போயிருந்தார். டீச்சர் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க சிஸ்டர், சீக்கிரமே வந்துட்டீங்க, சந்தோஷம்” என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“டீச்சர், அன்னைக்கு மத்தியானமே பக்கத்துப் படுக்கை கஸ்தூரி எங்கிட்ட சொன்னா. போர்வையத் தூக்கிப் பாருன்னு சொன்னா. நான் பாக்கல.”

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அவங்க கத்தினது எனக்கும் கேட்டுச்சு. நீங்க அந்தப் பக்கம் போய்ப் பெரிய டாக்டருக்குத்தான் ஆள் அனுப்பினீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். பிறகு, “அவங்க சொன்னப்ப மணி என்ன?” என்றார். கணக்கு டீச்சர்.

“பன்னெண்டரை.”

“கட்டைப் பிளந்தப்ப?”

“அஞ்சரை தாண்டிடுச்சு.”

“அஞ்சு மணி நேரம்” என்றார். “அப்பவே பிளந்திருந்தா கால் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்னுதான் நினைக்கிறேன் டீச்சர்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலேயே பேசினார். “எனக்குக் காலைல ஜெபத்தப்பவே வலி தாங்கல சிஸ்டர். அப்புறமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாருக்கும் முன்னாடி என்னைக் காட்டி, டீச்சரைப் பாரு, முனகறாங்களான்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் தொறக்கறது? அன்னைக்குப் பூரா நான் சொன்ன ஸ்தோத்திரம் கடவுளுக்குச் சொன்னது இல்ல. உங்களுக்குச் சொன்னது. உங்க முகம் வாடிடக்கூடாதேன்னு.”

சுவரில் சாய்த்திருந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனீங்களே சிஸ்டர்” என்றார்.

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“அந்தக் காலை எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பட்டையை மாட்டிவிடக் குனிந்தேன். “வேண்டாம், நானே மாட்டிக்கிறேன்” என்றார். வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகளும் சபையாரும் பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள்.

நான் போய்விடலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். “எங்க சிஸ்டர் போறீங்க, ஒங்க சீட்டு அங்க” என்று மகள் என் கையைப் பிடித்து முன் வரிசையில் உட்காரவைத்தார். பாட்டுப் பாடினார்கள். போதகர் ஜெபம் செய்தார். டீச்சர் எழுந்து, ஏரிக்கரையில் காலையில் அரை மணி நேரம் நடக்க முடிவதற்காக ஸ்தோத்திரம் சொன்னார். மகள் வேலையில் நிலைத்ததற்காகச் சொன்னார். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வராததற்காகச் சொன்னார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

போதகர் சிரித்துக்கொண்டே, “டீச்சரம்மா, முக்கியமான ஒண்ணை மறந்துட்டீங்களே. சிஸ்டர் முன்னாடியே உக்காந்திருக்காங்க” என்றார். எல்லோரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள்.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். “மறக்கல ஐயா. இத்தனை வருஷமாப் பேரைத் தப்பாச் சொல்லிட்டிருந்தேன். கஸ்தூரின்னு ஒரு அம்மா. அப்ப பெரும்பாக்கத்துல இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியல. எனக்கு வலிக்குதுன்னு எனக்காகச் சத்தம் போட்டது அவங்க ஒருத்தங்கதான். அவங்களுக்காக ஸ்தோத்திரம்.”

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு ‘ஆமென்’ என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.